பாறை விளிம்பில் ஏறும் முன்: இராமநாதபுரம் கடலோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில், பாறையில் இரும்புக் கடப்பாறைகளை அறைந்து அமைத்த கடப்பாறைப் படிகளைப் பற்றி எழுதிய பிறகு, இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மலை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத பகுதியிலிருந்து இத்தனை பேர் மலையேற ஆவல் கொண்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஒருபுறம் பள்ளம் திறந்து கிடக்க, கைகளையும் ஊன்றி ஏறவேண்டிய செங்குத்துப் பாதைகளைக் குறித்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்ப்பெயரை மட்டும் தந்திருக்கிறேன்.

வணக்கம் ஐயா. சிறு வயதிலிருந்தே அப்பாவுடன் வல்லத்தில் கடலுக்குப் போய் வருகிறேன். வாடைக்காற்று பலமாக வீசும் நாளிலும் படகின் முன்பகுதியான அணியத்தில் நின்று வலை இழுத்திருக்கிறேன்; ஒருநாளும் தலை சுற்றியதில்லை. ஆனால் நண்பர்களுடன் பர்வதமலைக்குப் போனபோது, கடப்பாறைப் படியில் பாதித் தூரத்தில் கால் வெடவெடவென்று நடுங்கி நின்றுவிட்டேன். கடலையே பார்க்காமல் வளர்ந்த நண்பர்கள் ஏறிப்போய்விட்டார்கள். என்னிடம் என்ன குறை?
— வாசகர், பாம்பன்

குறை என்று எண்ணவேண்டாம், தம்பி. உங்களுக்கு நேர்ந்தது நலமான உடலில் நிகழக்கூடிய ஒன்றுதான். அதன் காரணம் தெரிந்தால் பாதிப் பயம் குறைந்துவிடும்.

நாம் நிலையாக நிற்பதற்கு உடல் மூன்று இடங்களிலிருந்து செய்தி பெறுகிறது: கண்கள், உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு, பாதங்களிலும் மூட்டுகளிலும் தசைகளிலும் பரவியிருக்கும் உணர்வு நரம்புகள். அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடல் முன்னும் பின்னுமாகச் சிறிதளவு ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் சுவரோ மரமோ அந்த ஆட்டத்துக்கேற்பப் பார்வையில் இடம் பெயர்வதைக் கொண்டு கண்கள் ஆட்டத்தை அறிந்து திருத்துகின்றன. செங்குத்துப் பாறையின் விளிம்பில் நின்று வெளியே பார்க்கும்போதோ, எதிரிலிருப்பவை யாவும் வெகு தொலைவில் இருக்கின்றன. தொலைவிலுள்ள பொருள் நம் சிறு ஆட்டத்துக்கு இடம் பெயர்வதாகத் தெரியாது. ஆகவே நிலையாக நிற்பதாகக் கண்கள் சொல்ல, ஆடுவதாக உட்செவியும் பாதங்களும் சொல்கின்றன. இந்த முரண்பாட்டில் உடலின் ஆட்டம் கூடித் தலை சுற்றுவதுபோல் தோன்றுகிறது. ஜெர்மனியில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பில், உயரத்தில் நிற்கும்போது இத்தகைய தொல்லையை உணர்வதாகச் சொன்னவர்கள் நான்கில் ஒருவருக்கும் மேல்.

வல்லத்தில் நிலைமை வேறு. முழங்காலைத் தளர்த்தி அலையோடு சேர்ந்து அசைய உங்கள் கால்கள் நெடுங்காலமாகப் பழகியிருக்கின்றன. பலகையும் கயிறும் வலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் கண்ணுக்கும் எப்போதும் அருகில் ஒரு பொருள் இருக்கிறது. தவறி நீரில் விழுந்தாலும் பெரும்பாலும் நீந்தி வந்து ஏறிக்கொள்ளலாம் என்பதும் உங்களுக்குத் தெரியும். பாறையில் அந்த இரண்டாவது வாய்ப்பு இல்லை. உங்கள் கால் நடுங்கியது அந்த உண்மையை உடல் சரியாக உணர்ந்ததால்தான்.

இன்றைய கேள்விகள் அனைத்துக்கும் பொதுவான ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தில் ஏறுவது எவ்வளவு கடினம் என்பது ஒரு கேள்வி. அங்கே தவறினால் என்ன நேரும் என்பது வேறொரு கேள்வி. கடப்பாறைப் படிகளைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் அமைத்திருந்தால் பள்ளிப் பிள்ளைகள்கூட விளையாட்டாக ஏறிவிடுவார்கள். ஏறும் அசைவு எளிதாக இருப்பதனாலேயே இடமும் பாதுகாப்பானது என்று நம்பிவிடுவதுதான், உடல்வலு மிக்க இளைஞர்களை இத்தகைய பாதைகளில் ஆபத்தில் தள்ளுகிறது. உங்கள் நண்பர்கள் ஏறிப்போனது அவர்களுடைய திறமையாலா, பள்ளத்தை அவர்கள் கவனிக்காததாலா என்பது எனக்குத் தெரியாது. நின்று யோசித்தவரைக் குறை சொல்ல மட்டும் நான் ஒப்பமாட்டேன்.

இனி, செய்யவேண்டியவை. விளிம்பில் இருக்கும்போது பள்ளத்தையும் பார்க்கவேண்டாம், வானத்தையும் பார்க்கவேண்டாம். முகத்துக்கு நேரே இருக்கும் பாறையையோ சங்கிலியையோ பாருங்கள், கண்களுக்குத் தேவையான அருகிலுள்ள பொருள் கிடைத்துவிடும். இரண்டு கைகள், இரண்டு கால்கள் ஆகிய நான்கில் எப்போதும் மூன்று பாறையில் உறுதியாக ஊன்றியிருக்க, ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். அச்சத்தில் பாறையைக் கட்டி அணைத்துக்கொள்வது இயல்பே. ஆனால் உடலைப் பாறையோடு ஒட்டும்போது எடை பாதத்தைவிட்டு விலகிக் கால் வழுக்கத் தொடங்குகிறது. இடுப்பைச் சற்றே வெளியே தள்ளி, எடை முழுவதையும் பாதங்களுக்கு மேல் கொண்டுவந்தால் பாதத்தின் பிடி கூடும். கைகள் சமநிலைக்காக, ஏற்றிவிடவேண்டியவை கால்கள். புதியவர்களின் முன்கைத் தசை சில நிமிடங்களில் களைத்துப்போவது எடை முழுவதையும் கைகளில் தொங்கவிடுவதால்தான்.

கால் நடுங்கியதற்குத் தசைக் களைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். படியில் நுனிக்காலில் நெடுநேரம் நின்றால் கெண்டைக்கால் தசை களைத்துத் தானாகவே துடிக்கும். குதிகாலைச் சற்றுத் தாழ்த்தி, காலை மாற்றி ஊன்றி, மூச்சை நீளமாக வெளியே விட்டால் அந்தத் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். அடுத்த முறை ஆட்கள் குறைவாக இருக்கும் வேலைநாளில் சென்று, முதல் சில படிகள் ஏறி இறங்கி, பிறகு இன்னும் சில படிகள் என்று பழகுங்கள். அதே உயரத்தை அமைதியாகத் திரும்பத் திரும்பச் சந்திக்கும்போது அச்சம் மெல்லக் குறையும். யாரோ பின்னாலிருந்து அவசரப்படுத்தும்போது குறையாது.

மகாராஷ்டிரத்தின் ஹரிஹர் கோட்டைக் காணொளியைக் கைப்பேசியில் பார்த்தோம். கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் அடுத்த விடுமுறையில் போகலாம் என்றிருக்கிறோம். எங்களில் யாரும் மலை ஏறியதில்லை. ஆனால் அனைவரும் கபடி விளையாடுகிறவர்கள். போதுமா?
— மாணவர், இராமநாதபுரம்

கபடி உங்களுக்குக் காலில் வலுவையும் மூச்சுக் கட்டுப்பாட்டையும் தந்திருக்கும். எனினும் முதல் மலையாக ஹரிஹரைத் தேர்ந்தெடுக்கவேண்டாம் என்பதே என் பதில்.

நாசிக் மாவட்டத்தில் திரியம்பகேஸ்வரத்துக்கு அருகிலுள்ள இந்தக் கோட்டைக்கு, ஏறத்தாழ செங்குத்தாக நிற்கும் பாறையில் படிகளை வெட்டியிருக்கிறார்கள். படிகளில் விரல் கொடுத்துப் பிடிக்கக் குழிகளும் குடையப்பட்டிருக்கின்றன. அந்தப் பிடிகள் நல்லவை, அசைவு கடினமானதல்ல. ஆனால் பாதை ஓர் ஆள் அகலமே உடையது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் அதே படிகளில்தான் போய்வரவேண்டும். விடுமுறை நாளில் கூட்டம் சேர்ந்தால், செங்குத்துப் படியின் நடுவில் ஒரு காலும் ஒரு கையுமாக நெடுநேரம் காத்து நிற்க நேரும். முப்பது நொடிக் காணொளியில் அந்தக் காத்திருப்பு தெரியாது. உங்களுக்கு மேலே நிற்கும் முன்பின் அறியாத ஒருவர் வழுக்கினால் அவர் உங்கள்மேல்தான் வந்து விழுவார் என்பதும் தெரியாது.

அமெரிக்காவில் பாறைப்பாதைகளை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கும் யோசெமிட்டி முறை 1930-களில் தொடங்கியது. முதல் வகுப்பு சாதாரண நடைபாதை. இரண்டாவதில் அங்கங்கே கை ஊன்றவேண்டியிருக்கும். மூன்றாவதில் கையில்லாமல் ஏறவே முடியாது. நான்காவதில் தவறினால் உயிர் போகலாம் என்பதால் பலர் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஐந்தாவது, கயிறும் பயிற்சியும் கட்டாயமான பாறையேற்றம். என் மதிப்பீட்டில், அசைவால் பார்த்தால் ஹரிஹர் மூன்றாம் வகுப்பு, தவறினால் நேரக்கூடியதைப் பார்த்தால் நான்காம் வகுப்பு. முன்பு சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் வெவ்வேறு விடை கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கூட்டத்தின் ஆபத்தை அமெரிக்காவில் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் பாருங்கள். யூட்டா மாநிலத்தின் சயான் தேசியப் பூங்காவில் 'ஏஞ்சல்ஸ் லேண்டிங்' என்ற பாறை முகடு இருக்கிறது. இருபுறமும் பள்ளமாக இறங்கும் குறுகிய முகட்டில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும். 2022 ஏப்ரல் முதல் அங்கே குலுக்கல் முறையில் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே அந்தச் சங்கிலிப் பகுதிக்குப் போகலாம். கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள 'ஹாஃப் டோம்' பாறையில், இரும்பு வடங்களைப் பிடித்து ஏறும் கடைசி நானூறு அடிக்கு 2010-லிருந்தே அனுமதிச்சீட்டு முறை இருக்கிறது.

ஆகவே, முதலில் படிகள் நிறைந்த மலைகள், அடுத்து கரடுமுரடான கற்பாதைகள், பிறகு பர்வதமலை போலச் சிறிது தூரம் மட்டும் கை ஊன்றவேண்டிய இடங்கள் என்ற வரிசையில் பழகுங்கள். அதன்பின் ஹரிஹருக்குப் போவதாயின், பாசி படர்ந்து பாறை வழுக்கும் ஜூன்–செப்டம்பர் மழைக்காலத்தை விட்டு, குளிர்காலத்தில் ஒரு வேலைநாளின் அதிகாலையில் ஏறுங்கள்.

எங்கள் வீட்டில் விசைப்படகுக்கு வாங்கிய புதிய கயிறு இருக்கிறது. டன் கணக்கில் எடை தாங்கும். ஏழு பேராக மலைக்குப் போகும்போது, செங்குத்தான இடத்தில் அனைவரும் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக ஏறினால் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைக்கிறோம். சரிதானே?
— வாசகர், தொண்டி

தயவுசெய்து அப்படிச் செய்யவேண்டாம். அன்பினால் வந்த யோசனைதான் என்றாலும், ஒருவருக்கு நேரும் விபத்தை ஏழு பேருக்கும் நேரும் விபத்தாக அது மாற்றிவிடும்.

படகுக் கயிறு எவ்வளவு எடை தாங்கும் என்பது இங்கே முதன்மையான கேள்வியல்ல; விழும் மனிதனை எவ்வளவு மெதுவாக நிறுத்தும் என்பதே கேள்வி. பாறையேற்றத்துக்கென்றே நைலானில் செய்யப்படும் கயிறு, விழும்போது ரப்பரைப்போல நீண்டு கொடுத்து, விழுந்த வேகத்தை உள்வாங்கிக்கொள்ளும். பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பின் சோதனை விதிப்படி, முதல் வீழ்ச்சியில் அது தன் நீளத்தில் நாற்பது சதவீதம்வரை நீளலாம். படகில் பயன்படும் பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் கயிறுகள் அப்படி இழுபடுவதில்லை. ஆகவே சில அடி விழுந்தாலும் அதிர்ச்சி முழுவதும் விலா எலும்பிலும் முதுகெலும்பிலும் இறங்கும். இவை நைலானைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகக்கூடியவை; பாறை முனையில் உரசும்போது இது சிறிய செய்தியல்ல. இடுப்பில் மட்டும் கட்டித் தொங்கினால் மூச்சுத் திணறும். தொடைகளையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கும் பட்டைவார் இல்லாமல் எவரும் கயிற்றில் தொங்கக்கூடாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பிழை ஒன்று உண்டு. கயிற்றைப் பாறையோடு எங்குமே பிணைக்காமல் மனிதர்களை மட்டும் ஒருவரோடொருவர் பிணைக்க நினைக்கிறீர்கள். எத்தனை வலுவான கயிறாக இருந்தாலும் நங்கூரம் தரையைப் பிடிக்காவிட்டால் படகு நிற்காது என்பதைத் தொண்டிக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1865 ஜூலை 14 அன்று, ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய எட்வர்ட் விம்ப்பர் குழுவினர், உங்களைப் போலவே ஏழு பேர், ஒரே வரிசையாகக் கயிற்றில் பிணைந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வழுக்கியதும் அவரோடு மூவர் இழுத்துச் செல்லப்பட்டு நால்வரும் மடிந்தார்கள். எஞ்சிய மூவர் பிழைத்ததற்குக் காரணம், இடையிலிருந்த கயிறு அறுந்துபோனதுதான்.

கயிறு தேவைப்படும் இடத்துக்குக் கயிற்றின் முறை தெரிந்தவருடன் மட்டுமே செல்லவேண்டும். முடிச்சுகளில் உங்களுக்குள்ள கைப்பழக்கம் வீணாகாது. உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங்கிலுள்ள இமாலய மலையேற்ற நிறுவனம் ஆகியவற்றின் ஏறத்தாழ நான்கு வார அடிப்படைப் பயிற்சியில் பாறையேற்றமும் கயிற்றுமுறைகளும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. உங்கள் ஏழு பேரில் இருவராவது அதற்குச் சென்று வந்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. வெள்ளியங்கிரிக்கும் பர்வதமலைக்கும் போகவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எங்கள் ஊரில் மேடு என்றால் மணல்மேடுதான். இங்கிருந்துகொண்டே எப்படிப் பயிற்சி செய்வது?
— வாசகி, மண்டபம்

மணலே உங்களுக்கு வாய்த்த நல்ல பயிற்சிக்களம், சகோதரி. தளர்ந்த மணலில் நடப்பதற்கு, அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான ஆற்றல் செலவாகிறது. கணுக்காலைச் சுற்றியுள்ள சிறு தசைகளும் அதில் வலுப்பெறுகின்றன. கற்பாதையில் கால் பிரளாமல் காப்பவை அவைதாம். தனுஷ்கோடிப் பக்கம் கரையோரமாக நடப்பதானால் வெயில் ஏறும் முன் முடித்துக்கொள்ளுங்கள்.

மணல் தராதது ஒன்று உண்டு: இறக்கத்தின் பயிற்சி. மலையில் இறங்கும்போது தொடையின் முன்தசை, உடல் எடையைத் தடுத்துப் பிடித்தபடியே நீண்டுகொடுக்கவேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசைக்கு இந்த வேலைதான் மறுநாள் கடும் வலியைத் தருகிறது. அந்தக் களைப்பில்தான் முழங்கால் மடிந்து கால் இடறுகிறது. ஆகவே வீட்டு மாடிப்படியாயினும் பள்ளிக் கட்டடப் படியாயினும், ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வைத்து, ஒவ்வொரு காலையும் ஓசையின்றி மெதுவாக ஊன்றி இறங்குங்கள். முதலில் வெறும் உடலோடும், சில வாரங்களுக்குப் பின் மலைக்குக் கொண்டுபோகும் பையில் தண்ணீர்ப் புட்டிகளை வைத்துக்கொண்டும் செய்யுங்கள். கைப்பிடி வலுவுக்கு, தண்ணீர்க் குடங்களைத் தூக்கி நடந்து பழகியவர்களுக்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியிராது.

தொடங்கும் முன் ஒரு மருத்துவரிடம் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2024-ஆம் ஆண்டில் வெள்ளியங்கிரியில் ஏறியவர்களில் பலர் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் இறந்தார்கள். அங்கே பெரும்பாலும் உயிர்கள் போனது பாறை விளிம்பில் தவறி விழுந்ததால் அல்ல. தொடர்ந்து பல மணி நேரம் ஏறும் உழைப்பை இதயம் தாங்காததால். மேலும் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் ஆறரை டிகிரி அளவில் குறையும் என்பதால், கடற்கரை வெக்கைக்குப் பழகிய உடலுக்கு வெள்ளியங்கிரியின் ஏழாவது மலையில் வீசும் காற்று கடுமையாகவே இருக்கும். ஒரு கம்பளிச் சட்டையும் காற்றுத் தடுக்கும் மேலாடையும் அவசியம்.

பர்வதமலைக்குப் போகும்போது ஒரு சிறு குறிப்பு. அங்கே ஏறும் வழிகளில் ஒன்று கடலாடி என்ற ஊரிலிருந்து தொடங்குகிறது. அது திருவண்ணாமலை மாவட்டத்துக் கடலாடி. கைப்பேசி வரைபடத்தில் தேடும்போது உங்கள் மாவட்டத்துக் கடலாடியைக் காட்டிவிடக்கூடும்.

சதுரகிரிக்கு மகனும் அவன் நண்பர்களும் போகிறார்கள். 'ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை, அங்கே மட்டும் எப்படி வரும்' என்கிறான். எனக்கு மனம் கேட்கவில்லை.
— வாசகி, சாயல்குடி

உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது, அம்மா. இராமநாதபுரத்துக்கு மழை தருவது பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவம். சதுரகிரி இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கோ ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் திரளும் கோடை இடிமழையும் உண்டு. கடற்கரையில் வானம் வெளுத்துக் கிடக்கும் அதே நாளில் மலையுச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென ஓடைகளில் வெள்ளம் பெருகி, வழிபடச் சென்றவர்கள் பலர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தது அப்படிப்பட்ட கோடை மழையில்தான்.

மகனிடம் நான்கு செய்திகளைச் சொல்லுங்கள். தாம் நிற்கும் இடத்தில் மழை இல்லாவிட்டாலும், ஓடைநீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே ஓடையை விட்டு மேட்டுக்கு ஏறவேண்டும். பெருகிய ஓடையைக் கைகோத்துக் கடக்க முயலாமல், வடியும்வரை, அது ஓரிரவானாலும், நிற்கும் கரையிலேயே இருக்கவேண்டும். நனைந்த பாறையில் அரைமணி நேரத்துக்கு முன் எளிதாக இருந்த அடி இப்போது எளிதல்ல. இடி கேட்டால் முகட்டையும் இரும்புச் சங்கிலிகளையும் தனித்து நிற்கும் மரங்களையும் விட்டு விலகித் தாழ்வான இடத்துக்கு வரவேண்டும். கடலுக்குப் போகும் முன் காற்றைப் பார்க்கும் வழக்கம் உங்கள் பகுதிக்கு உண்டு. மலைக்குப் போகும் முன் அந்த மலை இருக்கும் மாவட்டத்தின் வானிலை அறிவிப்பைப் பார்க்கும் வழக்கமும் வேண்டும்.

வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு போகலாமா?
— வாசகர், கீழக்கரை

கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2024 அக்டோபரில் மாநில அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நாற்பது பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தப்பட்டு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் இணையவழி முன்பதிவில் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. காட்டுத்தீ அபாயம் மிகுந்த மாதங்களில் இவை மூடப்படும். அந்த மாதங்களில் 'வேறு வழி இருக்கிறது' என்று அழைப்பவர் எவராயினும் அவருடன் போகவேண்டாம்.

கோயில் மலை என்பதால் வெறுங்காலுடன் ஏறுவதாக நேர்ந்திருக்கிறேன். பாறையில் வெறுங்கால் நல்லதா, ஷூ நல்லதா?
— வாசகர், இராமேஸ்வரம்

நேர்த்திக்கடனை மதிக்கிறேன். கடற்கரையில் வெறுங்காலுடன் நடந்து உரமேறிய பாதம் காய்ந்த பாறையை நன்றாகவே உணர்ந்து பிடிக்கும். ஆனால் முற்பகல் பத்து மணிக்குமேல் கற்பாறை சுடத் தொடங்கும். சுட்ட கால் தன்னையறியாமல் அவசரமாக எடுக்கும் அடி, விளிம்பில் ஆபத்தான அடி. எனவே விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறும் முன் செங்குத்துப் பகுதியை இறங்கி முடிக்கும்படி திட்டமிடுங்கள். நேர்த்திக்கடன் இல்லாதவர்கள், அடிப்பகுதி மென்மையான ரப்பரில் ஆழ்ந்த பள்ளங்களுடன் இருக்கும், குதிகாலை இறுகப் பிடிக்கும் ஷூ அணியலாம். ரப்பர்ச் செருப்பு மட்டும் ஆகாது. தின்பண்டங்களைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பைக்குள் வையுங்கள்; பர்வதமலையில் குரங்குகள் பறிக்க வரும்போது, இரண்டு கைகளும் சங்கிலியில் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கையால் அவற்றை விரட்ட நேரும்.

ஏறும்போது துணிவாக ஏறிவிடும் என் தங்கை, இறங்கும்போது நடுவழியில் அசையவே முடியாமல் உட்கார்ந்துவிடுகிறாள். அப்படி நேர்ந்தால் உடனிருப்பவர் என்ன செய்யவேண்டும்?
— வாசகி, தேவிபட்டினம்

இது பலருக்கும் நேர்வதுதான். ஏறும்போது அடுத்த பிடி கண்ணெதிரே இருக்கிறது. இறங்கும்போது கால் வைக்கவேண்டிய இடம் உடலுக்குக் கீழே மறைந்திருக்கிறது, அதைப் பார்க்கக் குனிந்தால் பள்ளமும் தெரிகிறது. அதனால்தான் பாறையில் ஒவ்வோரிடத்திலும் ஏறும் முன், 'இதில் என்னால் இறங்கமுடியுமா' என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். விடை ஐயமாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுவது, பின்னர் உச்சியிலிருந்து தவிப்பதைவிட நல்லது.

அவர் அமர்ந்துவிட்டால் அவசரப்படுத்தவும் வேண்டாம், 'பயப்படாதே' என்று சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம். கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அது அவருடைய சமநிலையையும் உங்களுடையதையும் குலைக்கும். பின்னால் வருபவர்களை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் கால் உறுதியாக ஊன்றக்கூடிய இடமாக இருந்தால் மட்டும், அவருக்கு நேர்கீழே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் தாழ்வாக நின்றுகொள்ளுங்கள். தண்ணீர் கொடுத்து, இரண்டு மூன்று நிமிடம் மூச்சு சீராகட்டும். பிறகு ஏணியில் இறங்குவதுபோல முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பச் சொல்லி, ஒவ்வோர் அடிக்கும் ஒரே ஒரு சிறு குறிப்பாக வழிசொல்லுங்கள்: 'இடது கால் கீழே ஒரு சாண்', 'அங்கேதான், ஊன்று', 'இப்போது வலது கை'. உங்கள் குரலில் பதற்றம் இல்லாமலிருப்பது அப்போது எந்தக் கருவியையும்விடப் பயன்படும்.

இத்தனைக்குப் பிறகும் அவரால் முடியவில்லையென்றால், தூக்கி இறக்க முயலவேண்டாம். விளிம்பைவிட்டுச் சற்று உள்ளே பாதுகாப்பான இடத்தில் உட்காரவைத்து, ஒருவர் உடனிருக்க, மற்றவர் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்கும் இடத்துக்கு வந்து 108-ஐயும், வழிகாட்டி வழியாக வனத்துறையையும் அழைக்கவேண்டும். காத்திருக்கும் நேரத்தில் இருட்டிவிடக்கூடும் என்பதால், காலை ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினாலும் ஆளுக்கொரு தலைவிளக்கும் ஒரு கம்பளியும் பையில் இருக்கட்டும்.